இரண்டு முனையிலும் பிளக்

அண்ணனின் வலது கையைத் தங்கை மூன்றாவது முறையாகப் போர்வைக்குள் தள்ளினாள். வந்தவர்களெல்லாம் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்கள்; அழுது முடித்ததும் வெளியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, மிளகு அளவுக்கு இரண்டு கறுப்புப் புள்ளிகள். இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. படக்கூடாதே என்று காலையிலிருந்து அவள் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

நேற்று வந்த டாக்டர், "அறுபத்தெட்டு வயசுல ஏணி எதுக்கும்மா? நெஞ்சு தாங்கல" என்று சொல்லி, அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். அவளும் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வருடக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. வாசல், கூரை விளிம்பு, மாடித் தண்ணீர்த் தொட்டி, ஒன்று பாக்கி இல்லாமல் விளக்குச் சரம் கட்டுவார். தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். "நம்ம வீடு மட்டும் மின்னினா போதுமா?" என்று இந்த வருடம் எதிர்வீட்டு பேக்கரிக்காரருக்கும் சரங்களைத் தூக்கிக் கொடுத்தார்.

முழங்கால் வலி என்று கூரை விளிம்புச் சரத்தைத் தங்கையிடம் விட்டார். அவள் தையல்காரி. தையல் போட்ட மாதிரி நேராகக் கட்டினாள், ஆனால் தலைகீழாக. சரத்தின் பிளக் அந்தக் கோடியில், சுவர் சுவிட்சு இந்தக் கோடியில். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவிழ்த்துக் கட்ட அவருக்குப் பொறுமை ஏது? இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு ஒயர் செய்தார். ஒரு முனை சுவரில், மறுமுனை சரத்தின் வாலில் உள்ள சாக்கெட்டில். சுவிட்சைப் போட்டபின் மறுமுனை வெளியே இருந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பித்தளைக் கம்பிகளிலும் மின்சாரம் இருக்கும்; தொட்டால் ஆளை அடித்துவிடும்.

"நான் 'போடு'ன்னு சொல்ற வரைக்கும் சுவிட்சுல கை வைக்காத. எனக்குத் தெரியாததா, பயப்படாத" என்றார்.

நேற்று இருட்டும் நேரம். அண்ணன் அந்த ஒயரோடு ஏணியில், அவள் உள்ளே சுவிட்சருகே. வாசலில் கூட்டம், "இன்னுமா ஆகல?" என்று ஒரே சத்தம். ஜன்னல் வழியாக அண்ணனின் கை சரத்துக்குப் போவது தெரிந்தது. மாட்டிவிட்டார் என்று நினைத்தாள். எல்லோரும் கை தட்டுவார்களே என்ற ஆசை வேறு. அவர் சொல்லுமுன் போட்டுவிட்டாள். அதே சுவிட்சில் இருந்த மற்ற சரங்கள் குபீரென்று எரிந்தன. கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்தான் ஏணி சரிந்தது.

எல்லோரும் அவரைத் தூக்க ஓடினபோது, அவள் அந்த ஒயரைப் பிடுங்கித் தையல் மெஷின் டிராயரில் திணித்தாள். பாவி, அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

விடியற்காலையில் வந்த அண்ணன் மகள் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தோளில் சாய்ந்திருந்தாள். தாயில்லாப் பெண், இவள் கையில் வளர்ந்தவள்.

"கஷ்டப்படாம போயிட்டார்ல, அத்தை? நீங்க கூட இருந்தீங்க. எனக்கு அது போதும்."

அவள் போர்வை விளிம்பை இழுத்து அண்ணனின் கையை இன்னும் மூடினாள்.

ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் வந்தாள். "அக்கா, ஒரு விஷயம். அவருக்காக இன்னிக்கு ஆறு மணிக்கு எதிர்வீட்டுல விளக்குப் போடறோம். தெருவே நிக்கப்போகுது."

"துக்க வீட்டுக்கு எதிர்ல விளக்கா? வேணாம்மா."

"அவருக்கு உயிரே அதானே அக்கா? பேக்கரிக்காரர் ஏணில நிக்கறார். அவரும் தலைகீழா கட்டிட்டாராம். 'உனக்கும் என் தங்கச்சி கைராசியா'ன்னு உங்கண்ணன் கேலி பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச ஒயர் ஒண்ணு செஞ்சு குடுத்தாராம். தானே வந்து மாட்டறேன்னு சொல்லியிருந்தாராம். இப்ப பேக்கரிக்காரரே மாட்டறார். இதுல என்ன பெரிய வித்தைங்கறார்."

அப்போதும் தப்பிக்க வழி தேடினாள். "அந்த ஒயரை வாங்கிட்டு வந்து குடும்மா. அண்ணன் கடைசியா செஞ்சது. ஞாபகமா வெச்சுக்கறேன்."

"நாளைக்கு வாங்கித் தரேன் அக்கா. இன்னிக்கு அது இல்லாம எப்படி எரியும்?"

எதிர்வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்: "சுவிட்சு கிட்ட ஆள் இருக்கா?"

"இருக்கேன், இருக்கேன்!" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

தங்கை எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. வாசலுக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"போடாதீங்க! ஐயோ, தொடாதீங்க! அந்த ஒயர்தான் எங்கண்ணனைக் கொன்னுது!"

தெரு திரும்பிப் பார்த்தது. பேக்கரிக்காரர் கையிலிருந்த ஒயரைப் பாம்பைப் போல உதறினார். டீச்சர் அவர் வீட்டுக்குள் ஓடினாள். சற்று நேரத்தில் அந்த வீடு முழுவதும் இருண்டது. மெயினையே அணைத்துவிட்டார்கள் போல.

"நெஞ்சுவலின்னு டாக்டர்..." என்று யாரோ இழுத்தார்கள்.

"நெஞ்சுவலி இல்ல. கையைப் பாருங்க, தெரியும். அவர் மாட்டறதுக்கு முன்னாடி சுவிட்சைப் போட்டுட்டேன். நான்தான் போட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்கு அடித்திருக்கலாம்.

உள்ளே வந்து தங்கை தன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மகள் அவளைக் கடந்து போய், அப்பாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்குத் தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நாற்காலிகள் பத்தவில்லை. சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கைக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.