பொம்மை என்று எழுதிய கடிதம்

சஹ்லா ஒன்றும் விவரம் தெரியாதவள் அல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் விளையாட்டுச் சாமான் கடை போட்டுப் பதினொரு வருடம். இந்தியாவிலிருந்து இருநூறு பெட்டி மரப் போர் விளையாட்டு, யானையும் கோட்டையுமாக, வரவழைத்தபோது சுங்க வரிப் பட்டியலைத் தானே தேடிப் படித்தாள். பிள்ளைகளின் பொம்மை ஒரு பிரிவு. மேசையில் வைத்து யோசித்து ஆடுவது வேறு பிரிவு, அதற்கு வரி கூட. பெட்டியிலேயே ‘பதினான்கு வயதுக்கு மேல்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்புறம் என்ன பொம்மை?

“வரி கூடினாலும் பரவால்ல நானா, மேச விளையாட்டு எண்டே எழுதுங்க,” என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மர்ஸூக்கிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

“நான் ஈக்கிறேன் தானே தங்கச்சி,” என்றார் அவர். கொட்டாஞ்சேனைக்காரர். அவள் சாமான்களை ஹார்பரிலிருந்து எடுத்துத் தரும் வார்ஃப் கிளார்க். கடையின் பெயர் அச்சடித்த வெற்றுத்தாள் பத்தில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் யார் அலைவது? கொழும்பில் பாதி வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. சிரிக்காதீர்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள்.

சாமான் வந்து இறங்கியது. சுங்கத்திலிருந்து அழைப்பும் வந்தது. அதிகாரி சாமினி ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கடிதம்: ‘இவை சிறுவர் பொம்மைகள். அந்தப் பிரிவிலேயே விடுவிக்கவும்.’ கீழே சஹ்லாவின் கையெழுத்து.

“உங்களுடையதா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

எப்படி இல்லை என்பாள்? பக்கத்தில் நின்ற மர்ஸூக்கைப் பார்த்தாள். “நானா, சொல்லுங்களே,” என்றாள்.

அவர் சொன்னார். “நான் எத்தனையோ தரம் வேண்டாம் என்றேன் மேடம். இவர்தான் கேட்கவில்லை,” என்று சிங்களத்தில் சொன்னார், அவளுக்கு அது விளங்காததுபோல.

அடப்பாவி! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சும்மாவா சொல்கிறார்கள்? பொய் சொன்னது அவள்தான் என்றால் இருநூறு பெட்டியும் பறிமுதல் என்றார் சாமினி. யோசித்து வாக்குமூலம் தர அரை மணி நேரம் கொடுத்தார்.

வெளியே வந்ததும், “ஏன் நானா?” என்று கேட்டாள்.

“கோவிக்காதீங்க தங்கச்சி. பெட்டா பஜார்ல ஒரு பெரிய மொதலாளி இதே சாமான பொம்மை எண்டுதான் எடுக்கிறார், என்ட கையாலதான். ஒங்கட சாமான் மேச விளையாட்டு எண்டு போனா அவரும் மாட்டுவார். அவர் என்ன சும்மா உடுவாரா? நீங்க நம்மட ஆள். பொறுத்துக்குவீங்க எண்டு நெனச்சேன்.”

பொறுத்துக்கொள்வாளாம்! கடிதத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது. இந்த மனிதரின் மகள் பர்ஹாவின் கலியாணத்துக்கு மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு நின்றவள் அவள். மறுபடி கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

“எழுதிக்கொள்ளுங்கள் மேடம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டது என் பிழை. கடிதத்தை எழுதியது அவர். இதே விளையாட்டு வேறொருவர் பெயரிலும் பொம்மையாகப் போகிறது, அதையும் பாருங்கள்.”

சாமினி பேனாவை எடுத்தார். “நானா என்று கூப்பிட்டீர்களே, உங்கள் அண்ணனா?”

“இல்லை,” என்றாள் சஹ்லா. “வார்ஃப் கிளார்க். பெயர் மர்ஸூக்.”