இடம் மாறிய லேத்

தரணி லேத்தில் இரும்புத் தண்டின் ஒரு முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் திருகைத் தளர்த்தி, மயிரிழை தன் பக்கம் இழுத்து மறுபடியும் இறுக்கினான். ஒரு வெட்டு ஓட்டி அளந்து பார்த்தான். ஷாஃப்ட், அதைக் கவ்விப் பிடிக்கும் சக் பக்கம் ஒரு கனம், இந்தப் பக்கம் ஒரு கனம். ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுத்த சாயப்பட்டறைக்காரர் காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. தம்பி இளங்கோ கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்குவதற்குள் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுக்கும் இந்த டேப்பரைத் தானே சரிசெய்துவிட வேண்டும்.

லேத்துக்கு அந்தப் பக்கம், சுவரோரக் கட்டிலில், அப்பா ஈஸ்வரமூர்த்தி கிடந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியபோது, இளங்கோ தன்னிடம் கூட்டிப்போகக் கார் கொண்டுவருவதாகச் சொன்னான். தரணிக்கு வயிறு எரிந்தது. படிப்பு அவனுக்கு, புது மெஷின் அவனுக்கு, இப்போது அப்பாவுமா? பட்டறைக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு மாடி ஏற அப்பாவால் முடியாது. அன்றே கடப்பாரையும் பைப்பும் போட்டு லேத்தை ஓர் அடி நெம்பித் தள்ளி, பட்டறையிலேயே கட்டிலுக்கு இடம் பண்ணினான்.

இத்தனையும் செய்தவனிடம் நேற்று அந்த மனுஷர் என்ன சொன்னார்? "கண்ணு, மெஷினு டேப்பர் அடிக்குதாட்ட இருக்குது. எளங்கோவ வரச் சொல்லு."

இளங்கோ வந்து நேராகக் கட்டிலில் உட்கார்ந்தான். அப்பா அவன் தலையை இழுத்துக் காதில் என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் தரணிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

இளங்கோ எழுந்து வந்தான். "ண்ணா, டெயில்ஸ்டாக்க ஒதுக்கிட்டு, சின்னத் துண்டு ஒண்ண சக்குல மட்டும் புடிச்சு வெட்டிப் பாத்தீங்களா?"

தரணி மெஷினை நிறுத்திவிட்டு விலகி நின்றான். இளங்கோவே பிடித்து வெட்டினான். அப்படியும் டேப்பர்.

"அப்ப தப்பு டெயில்ஸ்டாக்குல இல்லீங்ண்ணா. பெட்டு முறுக்கிட்டு நிக்குது. மெஷின நவுத்துனீங்களா?"

தரணிக்கு அப்போதுதான் உறைத்தது. நகர்த்திய லேத்துக்கு லெவல் பார்த்து மட்டம் வைக்காவிட்டால் அதன் அடித்தளமான பெட் முறுக்கிக்கொள்ளும் என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். அன்றைய ஆவேசத்தில் அவன் அதை நினைக்கவே இல்லை. இப்போது ஒத்துக்கொண்டால் இளங்கோ, கட்டிலை எடு, அப்பாவை நான் கூட்டிப்போகிறேன் என்பான்.

"இல்ல" என்றான், கட்டிலுக்கும் கேட்கும்படி.

இளங்கோ அப்பாவைப் பார்த்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் தரணியின் மனைவி கீதாஞ்சலி கஞ்சியோடு வந்து, "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, வந்து பாருங்க."

மயானத்துக்குப் போய் அப்பாவுக்குப் பால் ஊற்றித் திரும்பிய அன்று அண்ணனும் தம்பியும் பட்டறையில் தனியாக நின்றார்கள். கட்டிலை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். இத்தனை அழுகைக்கும் நடுவில் மனதை அறுத்துக்கொண்டே இருந்ததைத் தரணி கேட்டுவிட்டான்.

"அன்னிக்கு அப்பா உன்ற காதுல என்னடா சொன்னாரு?"

இளங்கோ தயங்கினான். "'என்னையக் கோயமுத்தூருக்கு உடாம இருக்க லேத்தையே நவுத்திப்போட்டான் உங்கண்ணன். லெவலு பாக்க மறந்துட்டான். நாஞ் சொன்னா சங்கடப்படுவான், நீயே கண்டுபுடிச்சாப்புல சொல்லு'ன்னாருங்ண்ணா. சொல்லையில அத்தன பெருமை அவருக்கு."

அந்தப் பெருமையையும் இவனிடம்தானே சொல்லியிருக்கிறார் என்றுதான் தரணிக்கு முதலில் தோன்றியது. அப்பா காதில் கடைசியாக விழுந்த தன் சொல் எது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இளங்கோ கடப்பாரையை எடுத்தான். "கட்டலுதான் எடுத்தாச்சுங்களே. பழைய எடத்துக்கே தள்ளிரலாமுங்களா?"

"வேண்டா. இங்கியே லெவல் பண்ணிக்கலாம்."

கட்டில் கிடந்த தரையில் தரணி குப்புறப் படுத்து, லேத்தின் காலடியில் மெல்லிய தகட்டைத் தட்டி நுழைத்தான். மேலே ஸ்பிரிட் லெவலின் குமிழியை இளங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னங் கொஞ்சம்... போதும். நடுவுக்கு வந்துருச்சுங்ண்ணா."

தரணி எழுந்திருக்கவில்லை.