எதிர்க்கரை ஆள்

நாகலாபுரம் சந்தைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் கோதைக்கு அந்தச் செய்தி வந்தபோது, அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப் பார்த்தவள் மிஷினை நிறுத்திவிட்டாள்.

"உங்க வீட்டு கேட் போட்டோவ நான் போடல. எங்கேர்ந்து வந்துச்சின்னு எனக்குத் தெரியும். நேர்ல பேசணும்."

அனுப்பியவன் பெயர் கரைக்காரன். ஆள் யாரென்று தெரியாது. சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழர்களுக்கென்று நடக்கும் ஒரு முகநூல் குழுவில் ரெண்டு வருஷமாக இருவருக்கும் சண்டை. கோதை போன ஆட்சிக்காரர்களின் பக்கம், அவன் இந்த ஆட்சியின் பக்கம். மாவட்டத்தைப் பிரித்தது சரியா, தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஏன் வாத்தியார் வரவில்லை என்று எதை எடுத்தாலும் அவள் ஒன்று எழுதுவாள், அவன் அதைக் கிழிப்பான். எழுதுவதற்குக் கூலி வாங்குகிறவள் என்று அவன் ஒருமுறை போட்டான். கமிஷனில் வயிறு வளர்க்கிறவன் என்று இவளும் விடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

போன மாதம் அவள் ஆற்றைப் பற்றி எழுதினாள். அவள் ஊருக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் மணல் லாரிகள் இறங்கி ஏறுவதையும், போர்க்கிணறு எல்லாம் வற்றிப்போய் கரும்பு காய்வதையும். ரெண்டு நாள் கழித்து, முகம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து அவள் வீட்டு கேட்டின் போட்டோ வந்தது. கீழே ஒரு வரி: 'இந்த வீட்டுக்காரிக்கு ஆத்துல இன்னா வேலை?'

அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. கணவன் ஸ்ரீஹரி குவைத்தில். சொன்னால் பயப்படுவான், எழுதுவதை நிறுத்து என்பான். போட்டோ போட்டது கரைக்காரன்தான் என்று அவள் மனதுக்குள் தீர்மானமே செய்துவிட்டிருந்தாள். இப்போது அவனே வந்து நான் இல்லை என்கிறான்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் தோன்றியது. பேச வைத்துப் பதிவு செய்து கேஸ் போடலாம். முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வரச் சொல்லலாம். நாத்தனார் ரோஹிணியிடம் மட்டும் சொன்னாள். ரோஹிணி முதலில் போகவே கூடாது என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போறதுன்னா நானும் வரேன் அண்ணி. வேற டேபிள்ல குந்திக்கினு பாத்துக்கினு இருக்கேன்" என்றாள்.

இடத்தைக் கோதைதான் சொன்னாள். புத்தூர் என்றால் பார்க்கிறவன் எல்லாம் தெரிந்தவனாக இருப்பான். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டல். மொட்டைத் தலைகளும் மூட்டைகளுமாக எப்போதும் கூட்டம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

தடித்த மீசை வைத்த ஒரு முரட்டு இளைஞனை அவள் எதிர்பார்த்துப் போனாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை துருத்திக்கொண்டிருந்தது. பெயர் விஜயராகவன் என்றும், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை என்றும், ஊர் அவள் ஊருக்கு நேர் எதிர்க்கரை என்றும் சொன்னார்.

கோதை உட்காரும் முன்பே போனை அணைக்கச் சொன்னாள். அவர் உங்களுடையதும் என்றார். இருவரும் அணைத்தார்கள். அணைப்பதை இருவரும் குனிந்து சரிபார்த்துக்கொண்டார்கள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் போட்டோ வெளியே வருவதற்கு முந்தின நாளே தங்கள் கட்சி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டதாகச் சொன்னார். போட்டவரிடம் இது யார் எடுத்தது என்று கேட்டதற்கு, அந்தப் பக்கத்துச் சிட்டிபாபுவே அனுப்பினான் என்று சிரித்தாராம்.

"சிட்டிபாபு எங்க ஆளு" என்றாள் கோதை.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

சிட்டிபாபு அவள் கட்சியின் மண்டலப் பொறுப்பாளர். அவள் எழுதுவதையெல்லாம் முதல் ஆளாகப் பகிர்பவன், அக்கா அக்கா என்று கூப்பிடுபவன். கோதைக்கு எதிரில் இருப்பவரின் கணக்கு புரிந்துவிட்டது மாதிரி இருந்தது. நம்மையும் நம் ஆட்களையும் பிரிக்கப் பார்க்கிறார்.

"இத எங்கிட்ட வந்து சொல்றதுல உங்களுக்கு இன்னா லாபம்?"

விஜயராகவன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"நீங்க ஆத்தப் பத்தி எழுதினதுக்குப் பதில் எழுதலாம்னு குந்தினேன். எழுத வரல. எங்க போர்லயும் தண்ணி இல்ல. பதில் சொல்ல முடியாதவன்தான் வீட்ட போட்டோ புடிப்பான்னு தோணுச்சி. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன்னு நீங்க நெனச்சிக்கினு இருக்கறது எனக்குப் புடிக்கல."

அவள் நம்பவில்லை. ஆனால் அந்தப் போட்டோ கண் முன்னால் வந்து நின்றது. எத்தனையோ தடவை பார்த்த போட்டோ. அதில் கேட் செங்காவி நிறத்தில் இருந்தது. புது கேட்டுக்குச் செங்காவி பூசி, அது காய்ந்ததும் நீலம் அடித்துவிட்டார்கள். செங்காவியாக இருந்த அந்தச் சில நாட்களில் யார் வந்தார்கள்? பால்காரர், பெயின்டர். அப்புறம், கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்த சிட்டிபாபு. உள்ளே வா என்றதற்கு, இருக்கட்டும் அக்கா என்று தெருவிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அந்த நினைப்பை முகத்தில் காட்டாமல், "உங்க பக்கம் எத்தினி அடி போர் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எண்ணூறு. புகைதான் வந்துச்சி."

"எங்களுக்கும் அதே கததான்."

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். எந்தக் கிணறு கடைசியாக வற்றியது, மோட்டாரை எத்தனை தரம் இறக்கி ஏற்றினார்கள் என்று. மணல் இருந்தால்தானே தண்ணீர் நிற்கும் என்று இருவருமே சொன்னார்கள். பிறகு பழைய சூடு வந்துவிட்டது. உங்க ஆட்சியில் லாரி ஓடினப்போ நீங்க எழுதலையே என்றார் அவர். உங்க ஆட்சியில் ஓடறப்போ நீங்க எழுதினீங்களா என்றாள் இவள். சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டது இருவருக்குமே நிம்மதியாக இருந்தது.

காபி வருவதற்குள் ரோஹிணி எழுந்து நேராக இவர்களிடம் வந்தாள்.

"அண்ணி, இடம் இல்லன்னு என் எதிர்ல ஒருத்தரக் குந்த வெச்சாங்க. அந்த ஆளும் உங்களையேதான் பாத்துக்கினு இருக்காரு."

விஜயராகவனின் முகம் சிறுத்துப்போனது. அது தன்னோடு வேலை செய்யும் சலீம் என்றும், நீங்கள் ஆள் வைத்து அடிப்பீர்களோ என்று பயந்து கூட்டி வந்ததாகவும் சொன்னார். கோதைக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நாலு பேரும் ஒரே டேபிளில் காபி குடித்தார்கள்.

கிளம்பும்போது விஜயராகவன் ஒன்று கேட்டார். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் நாள். இரண்டு கரை ஜனமும் சேர்ந்து போய் மனு கொடுத்தால் கட்சிச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. கோதை யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, சிட்டிபாபு போன் செய்தான்.

"திருப்பதி போய் வந்தியாமே அக்கா. அந்தக் கரை ஆளுங்களோட நமக்கு இன்னா சாவாசம்? ஆத்த வுட்டுட்டு வேற எழுதுக்கா. ஊர்ல எழுதறதுக்கு விஷயமா இல்ல?"

அவன் குரல் அன்பாகத்தான் இருந்தது. இவனுக்கு எப்படித் தெரிந்தது? பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ரோஹிணி சொல்லியிருக்க மாட்டாள். மீதி யார்? அவர்தான். சொல்லிக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

விஜயராகவனைக் கூப்பிட்டுத் திட்டுவதற்காகத்தான் நம்பரை அழுத்தினாள். அவள் வாயைத் திறக்கும் முன் அவரே, "எனக்கும் போன் வந்துச்சிம்மா" என்றார்.

கோதை தன் கோபத்தை அடக்கிக்கொண்டாள். தனக்கு வந்த போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், அப்படியே சொல்லுங்கள் என்றாள்.

"எங்க மண்டலத் தலைவரு. அந்தப் பொம்பளையோட உனக்கு இன்னா சாவாசம், ஆத்த வுட்டுட்டு வேற எழுதுன்னாரு."

சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். அதே வார்த்தைகள்.

ராத்திரி முழுக்க அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். யாரோ ஒருவன் ஓட்டலில் இவர்களைப் பார்த்திருக்கிறான். பார்த்ததை இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறான். மேடையில் ஒருவரை ஒருவர் மண் அள்ளித் தூற்றுகிறவர்கள் உட்கார்ந்து பேசி ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் லாரி இருவருக்கும் பொது. இல்லை, விஜயராகவனும் இதில் கூட்டு என்றால்? சிட்டிபாபுவே அவருக்கு இந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தால்? அப்படியும் நடந்திருக்கலாம். விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தத் திங்கட்கிழமை அவர் நாலு பேர் பார்க்க வந்து நின்றால் ஆள் நிஜம். சூது செய்கிறவன் சொந்தக் கட்சியை எதிர்த்து வெளியே வந்து நிற்க மாட்டான். விடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, எங்கள் தெருக்காரர்களோடு மனு கொடுக்க வருகிறேன் என்றாள்.

திங்கட்கிழமை அவள் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசை நீண்டிருந்தது. எதிர்க்கரைக்காரர்கள் ஒருவரையும் காணோம். வரிசை நகர நகர அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன் செய்தால் எடுக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரி சுலோசனா, "அந்தக் கரை ஆளுங்கள நம்பி எங்களையும் இஸ்துக்கினு வந்தியே" என்று முணுமுணுத்தாள். கோதை மறுபடியும் அவர் நம்பரை அழுத்தினாள்.

வரிசையில் பாதி தாண்டியபோது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. விஜயராகவன் இறங்கினார். சட்டை முழுக்க வியர்வை. பின்னால் ஏழெட்டுப் பேர்.

"எங்க கட்சி ஆளுங்களே வழியில மடக்கிட்டாங்க. ரெண்டு ஆட்டோல கெளம்பினோம். ஒரு ஆட்டோ திரும்பிப் போய்டுச்சி" என்றார்.

சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அவரோடு வந்தவர்களும் அங்கேயே நின்றார்கள். இந்தக் கரை ஜனம் அந்தக் கரை ஜனத்தை ஏற இறங்கப் பார்த்தது. கோதை கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே நடந்து போனாள்.

"முன்னாடி வாங்க சார். தனித்தனியா குடுக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

உள்ளே தெலுங்கில் விஜயராகவன்தான் பேசினார். லாரிகள் எந்த வழியாக இறங்குகின்றன, எந்தக் கிணறுகள் போயின என்று கோதை இடையிடையே எடுத்துக் கொடுத்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லாரி எந்தக் கட்சிக்காரருடையது என்று கேட்டார். கேள்வியிலேயே ஒரு சலிப்பு இருந்தது. விஜயராகவன் கோதையைப் பார்த்தார்.

"ரெண்டு கட்சியும்தான் சார்" என்றாள் கோதை. "நாங்களும் ரெண்டு கட்சிதான்."

அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த வாரம் ஜே.சி.பி. வந்து, லாரி இறங்கும் பாதைகளைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போனது. இந்தக் கரையில் ஆழமாக வெட்டினார்கள். அந்தக் கரையில் பேருக்குத்தான் வெட்டினார்கள் என்று விஜயராகவன் சொன்னார். லாரி நின்றது. எத்தனை நாளைக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. இருவரையும் அவரவர் கட்சி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். சிட்டிபாபு இப்போது தையல் கடையைத் தாண்டும்போது தெருவின் அந்த ஓரமாகப் போகிறான். முகநூலில் கோதையும் கரைக்காரனும் பழையபடி சண்டை போடுகிறார்கள். மாவட்ட விஷயத்தில் அவர் சொல்வது சுத்தப் பொய் என்பதில் அவளுக்கு இன்றும் மாற்றம் இல்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். கடையைச் சாத்திவிட்டு வந்தவளுக்கு ஆற்றுப் பக்கம் வண்டி உறுமுவது கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். மணலில் ஒன்றும் இல்லை. எதிர்க்கரையில் ஒரு ஆள் நின்றிருந்தார். இருட்டிக்கொண்டு வந்ததால் முகம் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றுதான் அவள் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நிக்கறது நீங்கதானா?"

"ஆமாம்மா. வண்டி சத்தம் கேட்டுச்சி. பாக்க வந்தேன்."

"எனக்கும் கேட்டுச்சி."

சத்தம் கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா என்று தெரியவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இருவரும் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அது மேலே தார் ரோட்டில் ஏறி, பிச்சாட்டூர் பக்கமாகப் போய்விட்டது.