பந்தின் முகம் எந்தப் பக்கம்?

1

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் ஆயுதபூஜைக்கு என் மனைவி ஈஸ்வரி என் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாள். சரியாகக் கேமராவின் மேல். மறுநாள் இணையக் கூட்டத்தில் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. நியூட்ரினோ அப்புறம் வந்து சேர்ந்தது.

2

முதல் தொடக்கம்: ‘ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் செல்லதுரை தன் போர்வெல்லுக்குள் ஒரு கண்ணாடிப் பந்தை இறக்கியபோது...’

(அடித்துவிட்டேன். பந்து பெரிய பூசணிக்காய் அளவு. போர்வெல் குழாயின் வாய் ஒரு சாண். கதை அங்கேயே மாட்டிக்கொண்டது. செல்லதுரைக்கு வேலை போய்விட்டது.)

3

பந்து எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நியூட்ரினோ எதிலும் நிற்காத துகள். இந்த வரியைப் படிப்பதற்குள் உங்கள் கட்டைவிரலுக்குள் கோடி கோடியாகப் புகுந்து போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. பூமியையே துளைத்து மறுபக்கம் வரும். எப்போதாவது ஒன்று தண்ணீரில் மோதினால் துளி நீல வெளிச்சம் பிறக்கும். அதைப் பார்க்கத்தான் மத்தியதரைக் கடலின் ஆழத்து இருட்டில் இந்தக் கண்ணாடிக் கண்களை வரிசையாகக் கட்டி இறக்குகிறார்கள். இறக்கியபின் எடுத்துத் துடைக்க முடியாது.

அப்படி ஒரு பந்தைச் சோதித்து அனுப்புவது கயல்விழியின் வேலை. கப்பலுக்குப் போகுமுன் அது இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்தது.*

* எந்த ஆய்வகம் இதற்கு அனுமதிக்கும் என்று கேட்காதீர்கள். நான் அனுமதித்தேன்.

4

கயலின் அம்மா பொன்னுத்தாய். ஊரார் வயலில் நடவு நட்டவர். இப்போது சொந்தமாக மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆயுதபூஜையன்று அரிவாள், மருந்து ஸ்பிரேயர், மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், பந்துக்கும் வைத்தார். இதற்கு முகம் எந்தப் பக்கம் என்று முதல்நாளே மகளிடம் விசாரித்திருந்தார். கீழ்ப்பக்கம்தான், பூமியைத் துளைத்து வருவதைப் பார்க்க வேண்டுமே என்று கயலும் பெருமையாக விளக்கியிருந்தாள். ஆகவே பொட்டு கீழ்ப்பக்கம், கண்ணின் நட்டநடுவில்.

குங்குமமாக இருந்தால் கடலில் கரைந்திருக்கும். பொன்னுத்தாய் அதையும் யோசித்துவிட்டார். ஸ்டிக்கர் பொட்டு.

5

மறுநாள் காலை வேன் வந்தது. டிரைவர் புகழேந்தி பெட்டியை மூடப்போகும் நேரத்தில் கயல் பொட்டைப் பார்த்தாள். அலறினாள்...

(இல்லை. அம்மா எதிரில் நிற்கிறார். அலற மாட்டாள்.)

மேல்பக்கம் மாற்றி ஒட்டிவிடலாம் என்று பக்குவமாகச் சொன்னாள். எனக்கும் நிம்மதி. கதை முடிந்தது என்று காபி குடிக்க எழுந்தேன்.

“பின்னந்தலையிலயா பொட்டு வைப்பாங்க?” என்றார் பொன்னுத்தாய்.

உட்கார்ந்துவிட்டேன். கயல் பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

“கடலுக்குள்ள எத்தன பந்து கெடக்கும்?”

“ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும்மா.”

“அதுல நம்ம வீட்டுலேருந்து போனது எதுன்னு யாருக்குத் தெரியும்?”

6

முடிவு அ: கயல் உரித்துவிடுகிறாள். அதன்பின் அம்மாவின் முகத்தை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

முடிவு ஆ: உரிக்கவில்லை. கோடி வருடம் எதிலும் மோதாமல் வந்த ஒன்று, கடைசியில் அந்தப் பொட்டுக்கு எதிரே மின்னி, யாரும் பார்க்காமல் அணைகிறது. கயலுக்கு இது தெரியும் என்பதுதான் சங்கடம்.

முடிவு இ: நானே கதைக்குள் போய்ப் பொன்னுத்தாயைச் சமாதானப்படுத்துகிறேன். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

எனக்கு இரண்டு பேரையும் பிடித்துவிட்டது, அதுதான் கோளாறு. ஆகவே கயலின் விரலை எடுத்துவிட்டு உங்கள் விரலை வைக்கிறேன். நகம் பொட்டின் ஓரத்தில் இருக்கிறது. பொன்னுத்தாய் உங்களைத்தான் பார்க்கிறார்.