பூ நனைந்த நாள்

மகன் இறந்தே பிறந்த நான்காம் நாள், பால் வற்றட்டும் என்று என் மாமியார் பச்சையம்மாள் மல்லிகைப்பூவை என் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்.

“ரெண்டு நாள்ல வத்திடும்மா. அழுதுக்கினே இருக்காத.”

சங்கராபுரத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துபவள் நான். குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்தாலே மூளை கட்டளையிடும், பால் இறங்கும் என்று பாடம் சொன்னவள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை பசித்து அழுதது. கட்டியிருந்த பூவெல்லாம் நனைந்தது.

“இன்னாம்மா, மறுபடியும் வருதா?” என்றபடி மாமியார் சன்னலைச் சாத்த எழுந்தார்.

அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் பசிக்கிறது என்று என் உடம்பு மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

“தொறந்தே இருக்கட்டும் அத்த” என்றேன்.