சபூறாவின் நாலு முன்பல்

மருதமுனை நெசவாலையில் எல்லாத் தறிகளும் ஒன்றாக அடித்தாலும் அதற்கு மேலால் சபூறாவின் சிரிப்புக் கேட்கும். அப்படிப்பட்ட வாய் அது. உடுக்கிற சாரம் வாங்க வரும் சைக்கிள் வியாபாரிகளில் அவளிடம் கேலி வாங்காமல் திரும்பிய ஆள் கிடையாது. அவர்களில் முகைதீன்பாவா என்பவர் மனைவியை இழந்தவர். அக்கரைப்பற்று, பொத்துவில் என்று சாரம் கொண்டுபோய் விற்பவர். அவர் கேலி வாங்குவதற்கென்றே வருகிறார் என்று தறிக்காரிகள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். பொய்யென்று சொல்ல முடியாது.

அந்த வாயில்தான் வருத்தம் வந்து உட்கார்ந்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு மாரி மழைக் காலத்தில் பல் முரசு வீங்கிச் சீழ் பிடித்து, ஆசுபத்திரியில் மேல்வரிசை முன்பல் நாலையும் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்குவது அரசாங்கத்தின் செலவு. கட்டுவது அவரவர் பாடு.

சபூறாவுக்கு வயது நாற்பத்திரண்டு. புருசன் மௌத்தாகிப் பல வருசம். பிள்ளை குட்டி இல்லை. சீதனமாகக் கிடைத்த வீட்டில் தனியே இருந்தாள். அந்தத் தனிமையை அவள் பெரிதாக எடுத்ததே இல்லை. பகல் முழுக்கச் சிரித்துவிட்டு வருகிறவளுக்கு இரவு என்ன செய்துவிடும்? பல் போனதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. முக்காட்டை மூக்குவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவாள், போவாள். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். சோறு இறங்கவில்லை, நித்திரை கிட்டவில்லை. தறியில் இருந்தபடியே கண்ணீர் வடியும்; கேட்டால் நூல் தூசி என்பாள்.

அவளோடு கூடப்பிறந்த மூத்த காக்கா அபுல் ஹஸன் பயந்துபோய், இது ஜின்னின் வேலை என்று முடிவு கட்டினார். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார், கையில் இசிமு எழுதிய தாயத்துக் கட்டினார். ஜின் இருந்திருந்தால் போயிருக்கும். இல்லாத ஜின் எங்கே போகும்? கடைசியில் ஆசுபத்திரி டாக்குத்தர்தான் விசயத்தைச் சொன்னார்.

“இவங்கட மனசு நல்லா உடைஞ்சி போயிருக்கு. முதல்ல பல்லைக் கட்டுங்க. மருந்தைப் பிறகு பாப்பம்.”

கட்டுவதற்குக் காசு வேண்டுமே. அபுல் ஹஸனின் வயலை அந்தப் போகம் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. சபூறாவின் கையில் இருந்தது சாப்பாட்டுக்கே மட்டுமட்டு. ஆனால் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டி, சேமலாப நிதி என்ற பேரில் போட்ட காசு கொழும்பில் எங்கேயோ பத்திரமாகக் கிடந்தது. அதை நினைவுபடுத்தியவள் பக்கத்துத் தறிக்காரி, பாண்டிருப்புச் செல்லத்தங்கம்.

“உன்ட காசுதானே புள்ள? உன்ட வாய்க்கு உதவாம வேற எதுக்கு அது? வா, கந்தோருக்குப் போவம்.”

இருவரும் கல்முனை டவுனுக்கு பஸ் ஏறினார்கள். அரசாங்கத் தொழில் கந்தோரில் இருந்த கிளாக்கர் நல்ல மனுசன். செல்லத்தங்கம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சபூறா முக்காட்டுக்குள் இருந்தாள்.

“பொம்பிளையளுக்கு அம்பது வயசு ஆகணும்,” என்றார் அவர். “அதுக்கு முன்ன எடுக்கிறதெண்டா, இனி ஒரு நாளும் வேலை செய்ய ஏலா எண்டு டாக்குத்தர் எழுதித் தரணும். பல்லு இல்லாம தறி அடிக்க ஏலுமா?”

“ஏலும்,” என்றாள் செல்லத்தங்கம், உண்மையைச் சொல்லிவிட்ட கோபத்தோடு.

“அப்ப ஏலா. நாட்டை விட்டுப் போறவங்களுக்குக் குடுப்பம். பிறகு, கலியாணம் முடிச்சு அதால வேலையை விடுற பொம்பிளையளுக்கும் குடுப்பம். வேற வழி இல்லைங்க.”

செல்லத்தங்கம் திரும்பிச் சபூறாவை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் சபூறாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். யார் கவனித்தார்கள்? அன்று அசர் தொழுகைக்கு முன்னமே செய்தி அபுல் ஹஸனின் காதுக்குப் போய், மஃரிபுக்குப் பிறகு அவர் முகைதீன்பாவாவின் வாசலில் நின்றார். அவர் சுற்றி வளைத்துக் கதையைத் தொடங்குமுன்னே முகைதீன்பாவா ஓம் என்றுவிட்டார். சீதனம் என்ற சொல்லே எடுக்கவில்லை.

ஊருக்கெல்லாம் சந்தோசம். சபூறா மட்டும் அதில் சேரவில்லை. மனுசனைப் பிடிக்காமல் இல்லை, நல்லாகவே பிடித்திருந்தது. அதனால்தான் இந்த வாயோடு அவருக்கு முன்னால் போக வெட்கம் பிடுங்கித் தின்றது. பல் கட்டிக்கொண்டு கலியாணம் முடிக்கலாம் என்றால், கலியாணம் முடித்தால்தான் பல். அத்தோடு தறியையும் விட வேண்டும். வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, அன்று நூல் தூசி என்றுகூடச் சொல்லாமல் அழுதாள்.

கலியாணக் காவின் எழுதுகிற நாள் வந்தது. கூடத்தில் ஆம்பிளைகள், மாப்பிள்ளை, பதிவுக் கொப்பியும் பேனையுமாகக் கலியாணம் எழுதுகிற லெப்பை. சீலைத் திரைக்கு இந்தப் பக்கம் அறையில் சபூறா, அவளோடு ஒட்டிக்கொண்டு செல்லத்தங்கம். வலி, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் அபுல் ஹஸன் இரண்டு சாட்சிகளோடு வாசலுக்கு வந்தார்.

“மாப்பிள்ளை தார மஹர் நூற்றியொரு ரூவா. சம்மதமா புள்ள?”

சபூறா குனிந்திருந்தாள்.

“பேசாம இரிக்கிறதே சம்மதம்தானே. நீங்க எழுதுங்க லெப்பை,” என்று அபுல் ஹஸன் திரும்பினார்.

“நில்லுங்க, நில்லுங்க,” லெப்பை பேனையை மேலே தூக்கினார். “அது குமருப் புள்ளைக்கு உள்ள சட்டம். முன்ன ஒருக்கா முடிச்சவ தன்ட வாயால சொல்லணும், சாட்சிக்காரங்களுக்குக் கேக்கணும். மஹர் அவட ஹக்கு, அவட உரிமை. கூடக் குறையக் கேக்கிறதெண்டாலும் இப்ப கேக்கட்டும்.”

வாயால்! கூடம் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தது. சபூறா மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். நாளைக்குத் தறியில்லை, பக்கத்தில் செல்லத்தங்கம் இல்லை. எட்டு வருசம் கழித்து எடுக்க வேண்டிய காசை இன்றைக்கு எடுத்து, தறியை விட்டு, பல்லைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் யாரைப் பார்த்துச் சிரிப்பது? நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பழைய சபூறாவும் கூடவே வந்துவிட்டாள். முக்காட்டை நாடிக்குக் கீழே இறக்கினாள்.

“நூற்றியொண்டு வேணா. மஹரா எனக்கு முன்பல்லு நாலும் கட்டித் தரட்டும். சேமலாப நிதிக் காசு அங்கயே கிடக்கட்டும். நான் தறியையும் விடமாட்டன்.”

அபுல் ஹஸன் தலையில் கை வைத்தார். லெப்பை கொப்பியைப் பார்த்தார், அண்ணாந்து மோட்டைப் பார்த்தார், தாடியைத் தடவினார்.

“பெறுமதி உள்ள எதையும் எழுதலாம்தான்,” என்று கடைசியாகச் சொன்னார். “பல்லு இதுவரைக்கும் நான் எழுதினதில்ல. மாப்பிள்ளை, என்ன சொல்றீங்க?”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து முகைதீன்பாவாவின் குரல் வந்தது.

“நாலு போதுமா எண்டு கேளுங்க லெப்பை. வேலை அவட விருப்பம். அவட ஏச்சும் பேச்சும் கேக்காம இந்த மாரி முழுக்க எனக்கு யாவாரமும் ஓடல்ல, சோறும் இறங்கல்ல.”

முதலில் செல்லத்தங்கம்தான் வெடித்தாள். பிறகு கூடமே சிரித்தது. சபூறாவுக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கை பழக்கத்தில் வாயைத் தேடிப் போனது. அதை மடியிலேயே அமர்த்திவிட்டு, இல்லாத பல் நாலும் தெரியத் தெரிய, தறிச் சத்தத்தையும் அமுக்குகிற அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். அபுல் ஹஸனின் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு!

லெப்பை அது அடங்கும்வரை பேனையோடு காத்திருந்தார். லேசில் அடங்கவில்லை.

“புள்ள, சிரிச்சா மட்டும் காணாது,” என்றார். “வாயால சொல்லணும்.”

“ஓம், சம்மதம்!” என்றாள் சபூறா. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டது.