இல்லாத கிளட்சை மிதித்தவள்

1
இந்தக் கதை எனக்கு ஒரு சிவப்பு விளக்கில் கிடைத்தது. டெட்ராய்ட்டின் வுட்வர்ட் சாலையோரம், ஆகஸ்ட் சனிக்கிழமை, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழைய வண்டிகளின் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அன்றைக்கு வீட்டுக்குள் இருப்பவனை இங்கே யாரும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.)

முதல் வரி இப்படி இருந்தது: ‘பெட்ரோல் யுகத்தின் அந்திமக் காலத்தில்...’ அடித்துவிட்டேன். அந்திமமாவது மண்ணாங்கட்டியாவது! வந்த வண்டி அவ்வளவு அழகு.

2
ஓட்டியவள் வான்டா, அந்த வண்டியை வடிவமைத்தவள். வண்டிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருடத்து முகம், நீண்ட மூக்கு, திரண்ட பின்தோள்கள். உள்ளே மின்சாரம், உறுமல்கூட ஒலிபெருக்கியிலிருந்துதான். நான்கு வருட உழைப்பு. பக்கத்தில் மேலாளர் புரூயிட். திங்கட்கிழமை அவர் தலையாட்டினால் வண்டி தொழிற்சாலைக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு.

(முந்தைய பிரதியில் வான்டா கண்கலங்கினாள். பிறகு நேரில் பேசினேன்; திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். அழுகிற ஆளே இல்லை.)

3
விளக்கில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான் லீராய், அவளோடு பள்ளியில் படித்தவன், தன் எழுபதாம் வருடத்து வண்டியோடு.

“என்ன வான்டா, சார்ஜர் வயரு வீடு வரைக்கும் எட்டுமா?”

“உன்னோடத இழுத்துட்டுப் போக லாரி வருமில்ல, அதுவரைக்கும் எட்டும்டா!”

லீராய் எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டான். இந்தச் சாலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பதில் சொல். கிளட்சை மிதித்தபடி, நின்ற இடத்திலேயே திருப்பி உறும வேண்டும். முப்பது வருடப் பழக்கம். வான்டாவின் இடது கால் கிளட்சை மிதித்தது. அங்கே இருந்தது வெறும் தரைவிரிப்பு. வலது கால் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பதில் சொன்னது.

காலம் உறைந்து, ஒரு கணம்... (இல்லை. எதுவும் உறையவில்லை.) வண்டி பாய்ந்து, நாற்சந்திக்குள் பாதி நுழைந்து, கிறீச்சிட்டு நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை.

4
சாலையோரமே வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் கால் எதைத் தேடியிருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்; பிறகு எவனோ கைதட்ட, நாங்கள் எல்லோரும் தட்டினோம். வண்டியைப் பொம்மை என்று நினைத்தால் யாரும் இடது காலை நீட்டமாட்டார்கள். தன் கைவேலையிடம் தானே ஏமாந்திருக்கிறாள்! எழுதுகிறவனான எனக்கு அப்படியொரு நாள் வாய்த்ததில்லை. பொறாமையாக இருந்தது.

வான்டா வண்டியை ஓரங்கட்டினாள்.

“கிளட்ச் இருக்குன்னா நெனச்ச?” என்றார் புரூயிட்.

“நான் நெனைக்கல. காலு நெனச்சிருச்சு.”

5
முடிவு, முதல் பிரதி: ஆபத்தான வண்டி என்று நிராகரித்தார்.
இரண்டாம் பிரதி: சிரித்துக்கொண்டே கை குலு... (பாதியிலேயே அடித்துவிட்டேன்.)

இரண்டும் பொய். நான் பார்த்தது இவ்வளவுதான். புரூயிட் இறங்கிச் சுற்றி வந்தார். “தள்ளிக்க. நான் ஓட்டறேன்.” வண்டி நகர, லீராயும் விடாமல் கூடவே போனான். அடுத்த விளக்கு சிவப்பானது. லீராய் மறுபடியும் உறுமினான்.

அது என் நாற்காலியிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரம். திங்கட்கிழமைத் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பது என் நம்பிக்கை. நான் எழுந்து நின்று, அந்த நல்ல மனிதரின் காலும் இல்லாத கிளட்சைத் தேடித் தவறவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த விளக்குக்குக் கீழே நீங்கள் நின்றிருந்தால், மீதியை நீங்கள் எழுதுங்கள்.